ஒரு துண்டு குறைந்த கேக்

போட்டிக்கு வைக்கப்படும் கேக் முழுதாக வீடு திரும்புவதில்லை. நடுவர் கத்தியை இறக்கி ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுக்கிறார். அதன் உள்முகத்தை வெளிச்சத்தில் பிடித்து, துளைகள் சீராக உள்ளனவா, பழங்கள் கனத்தால் அடியில் இறங்கிவிட்டனவா என்று பார்க்கிறார். ஒரு விள்ளலைச் சுவைத்து, மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த தட்டுக்கு நகர்கிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டிப் பார்க்காமல் ஒரு கேக்கின் உள்ளை அறிய வழியும் இல்லை. ஆயினும் பாளையங்கோட்டையில் தொடங்கி நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் என்று ஆற்றங்கரையிலும் தேரிக்காடுகளிலும் பரவிக் கிடக்கும் சபையூர்களில் கேக் என்ற பண்டம் எத்தகைய இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முதல் வெட்டு ஒரு சிறு உறுத்தலாகவே எஞ்சுகிறது. டிசம்பரில் சபைகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் போட்டிகளில் 'பழைய முறை' என்ற ஒரு பிரிவும் சேர்ந்துவிட்டால் அந்த உறுத்தல் பெரிதாகிறது. ஏனெனில் பழையது எது, அதை எதைக் கொண்டு அளப்பது என்ற இரண்டு கேள்விகளும் அப்போது ஒரே கத்தியின் கீழ் வந்துவிடுகின்றன.

இவ்வட்டாரத்தில் கேக்குக்கு விலைமதிக்கும் வேறொரு முறையும் இருந்துவருகிறது. அறுப்பின் பண்டிகை என்று சபையார் வழங்கும் நாளில், முதற்பலனைக் கடவுளுக்குப் படைக்கும் பழைய ஏற்பாட்டு மரபைப் பின்பற்றி, வயலிலும் தோட்டத்திலும் வீட்டிலும் உண்டானவற்றைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து (தேவாலயத்தைக் கோயில் என்று சொல்வதே இங்குள்ள பேச்சுவழக்கு), ஆராதனை முடிந்தபின் வெளியே பந்தலில் ஏலம் விடுகிறார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய கோழி ஆகியவற்றுக்கு நடுவே வீட்டில் சுட்ட கேக்கும் ஏலத்துக்கு வரும். அங்கே அதை யாரும் வெட்டுவதில்லை, முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு எலுமிச்சம்பழம் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும் அதே பந்தலில் கேக்கின் விலையும் அதன் சுவையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஏறுகிறது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு அதையே மறுபடியும் ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. இதை நியாயமான மதிப்பீடு என்று சொல்லிவிட முடியாது. வசதி படைத்தவர்கள் தங்கள் கைவளத்தைக் காட்டும் மேடையாக ஏலம் மாறுவதும், இல்லாதவர்கள் பந்தலின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும் கண்கூடு. அடி கருகிய கேக்கும் பக்குவமாக வெந்த கேக்கும் அங்கே ஒன்றே. சுட்டவரின் நுட்பத்தை ஏலம் காண்பதே இல்லை. போட்டி அதைக் காண்கிறது. பல ஆண்டுகள் கைபழகிய ஒரு பெண்ணின் வேலைக்கு 'நல்லா இருக்கு' என்பதற்கு மேலான ஒரு சொல் முதன்முறையாகப் போட்டி மேசையில்தான் கிடைக்கிறது என்பதை மறந்துவிட்டு ஏலத்தைப் புகழ்வது அநீதியாகும். இருப்பினும் ஏலப் பந்தலில் கேக் கடைசிவரை ஒரு காணிக்கையாக இருக்கிறது. போட்டி மேசையில் அது ஒரு சான்றுப்பொருளாக மாறிவிடுகிறது. அந்த மாற்றம் எந்த நொடியில் நிகழ்கிறது என்பதே இங்கே விடாமல் அரிக்கும் கேள்வி.

பழையது எது என்று கேட்டால் கோதுமையிலிருந்து தொடங்க வேண்டும். பொதிகையில் பிறந்து, இரு பருவமழைகளையும் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலடையும் தாமிரபரணி நெல்லுக்கும் வாழைக்கும் உரிய ஆறு. கோதுமை இங்கே வந்துசேர்ந்த தானியம். வந்ததைத் திருநெல்வேலி தன் கைக்கு இசைவாக வளைத்துக்கொண்ட விதம் அல்வாவில் தெரிகிறது. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, பாலெடுத்து, அந்தப் பாலோடு சீனியும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிளறுவதே அதன் செய்முறை. அந்தப் பாலில் இறங்குவது பெரும்பாலும் மாவுச்சத்து. குளூட்டன் எனப்படும் பசைப்புரதத்தின் பெரும்பகுதி தவிட்டோடு சக்கையில் தங்கிவிடுகிறது. ரொட்டிக்கு உயிர் கொடுப்பதோ அந்தப் பசைதான்: மாவைப் பிசையப் பிசைய அது வலைபோலப் பின்னிக்கொண்டு, புளிப்பில் எழும் வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது; அந்த வலை நெருப்பில் இறுகும்போது ரொட்டியின் உடல் உருவாகிறது. அல்வாக்காரர் பிழிந்து ஒதுக்கியதை ரொட்டிக்காரர் கட்டிக்காக்கிறார். அல்வாவின் சுவைக்கு ஆற்றுத் தண்ணீரே காரணம் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அதே தண்ணீரில் பிசைந்த ரொட்டியைப் பற்றி அப்படி ஒருவரும் சொல்வதில்லை. இரண்டும் வெளியிலிருந்து வந்த தானியத்தில் பிறந்தவை என்றாலும் ஒன்று ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது, மற்றது காய்ச்சல்காரருக்கு வாங்கிக்கொடுக்கும் பண்டமாகவே வெகுகாலம் இருந்தது. சட்டியை விட்டு இறங்கியதும் அல்வா உள்ளங்கையில் வந்துவிடுகிறது. ரொட்டிக்கு ஒரு இரவும் ஒரு சூளையும் வேண்டும், இரண்டும் பெரும்பாலான வீடுகளில் இல்லாதவை.

ரொட்டியை இந்நிலத்தோடு கட்டிப்போட்டது பனை. ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைப் பொட்டலமாக வாங்க முடியாத காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ரொட்டி சுட்டவர்கள் மாவைப் பொங்கவைக்கக் கள்ளையே நம்பியிருந்தார்கள். சென்னையில் 1878இல் வைவர்ன் என்ற புனைபெயரில் சமையல் நூலொன்றை வெளியிட்ட ராணுவ அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், கடைத்தெரு ரொட்டியை விட்டுவிட்டு வீட்டிலேயே பேக்கிங் பவுடர் கொண்டு சுடும்படி ஆங்கிலேயக் குடும்பங்களுக்குச் சொல்ல நேர்ந்தது இந்தப் பின்னணியில்தான். பனையேறி பாளையைச் சீவி அதன் நுனியில் கட்டிவிடும் கலயத்தில் இரவெல்லாம் சொட்டுவது ஒரே இனிப்பு நீர். கலயத்தின் உட்சுவரில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் விடிவதற்குள் கள். சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிர்களை அடக்கிவைக்கிறது. அது இல்லாத கலயத்தில், பாளையின் மேலும் பழங்கலயத்தின் துளைகளுக்குள்ளும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் புளிப்பேற்றும் பாக்டீரியாக்களும் இனிப்பைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. மரத்திலிருந்து இறங்கும்போதே நுரைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கள்ளை விட்டு மாவைப் பிசைந்தால் உள்ளே வேலைசெய்வது ஒரு கூட்டம். இன்றைய ஈஸ்ட் பொட்டலத்தில் இருப்பது தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரே இனம். அது சொன்ன நேரத்தில் சொன்ன அளவு பொங்கும். கள்ளோ மரத்துக்கும் வெயிலுக்கும் கலயத்துக்கும் தக்கபடி மாறும். விடியலில் இனிக்கும், உச்சிவேளையில் காடியை நோக்கித் திரும்பிவிடும். எனவே ரொட்டிக்காரரின் திறமையில் பாதி மாவிலும் பாதி கள்ளின் வயதை முகர்ந்தே அறியும் மூக்கிலும் இருந்திருக்க வேண்டும். அந்த மூக்குக்கு எந்தப் போட்டியிலும் மதிப்பெண் இருக்க முடியாது, ஆனால் ரொட்டியில் மெல்லிய புளிப்பாகவும் பழுத்த பழத்தின் வாசமாகவும் நின்றது அந்த மூக்கின் தீர்ப்புதான்.

அந்த ரொட்டியை இன்று தமிழ்நாட்டில் சட்டப்படி சுட முடியாது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு பின்னர் தளர்ந்தும் இறுகியும் வந்தது. இடையில் திறந்திருந்த கள்ளுக்கடைகள் 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டன, கள் இறக்குவது குற்றமாகவே நீடிக்கிறது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால் கள் சட்டப்படி கிடைக்கிறது, கள்ளாப்பமும் சுடப்படுகிறது; மலைக்கு இந்தப் பக்கம் ஆப்பமாவில் சோடா உப்பு. தமிழில் அந்த உப்புக்கு 'ஆப்பசோடா' என்று பெயர் நிலைத்திருப்பது கவனிக்க வேண்டியது. கள் இருந்த இடத்தில் வந்து அமர்ந்த பொருள் தான் எதற்குப் பதிலாக வந்தது என்பதைத் தன் பெயரிலேயே பாதி சொல்லிவிடுகிறது என்று கருத இடமுண்டு. கள்ளுக்கு விடுதலை கேட்கும் பனையேறிகளின் வழக்கும், குடியால் சிதைந்த வீடுகளின் வழக்கும் ஒரு ரொட்டியை முன்னிட்டுத் தீர்க்கக்கூடியவை அல்ல. இரண்டிலும் உண்மையான துயரம் இருக்கிறது. ஆனால் 'பழைய முறை ரொட்டி' என்று ஒரு போட்டி கேட்கும்போது அது கேட்பது, தெரிந்தோ தெரியாமலோ, கைக்கெட்டாத ஒன்றை. மேலும், இம்மாவட்டங்களில் பனைப் பருவம் ஏறத்தாழ மாசியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். ஆகவே மார்கழிப் பண்டிகைக்கான ரொட்டி பனங்கள்ளில் புளித்திருக்க வாய்ப்பே குறைவு. தென்னங்கள் வேண்டுமானால் கிடைத்திருக்கும். டிசம்பரில் மேசையில் அடுக்கப்படும் 'பாட்டி காலம்' பருவமற்ற ஒரு காலம். குடிக்கு எதிராகப் போதித்த இச்சபைகளின் மக்களிலே பலர் பனையை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய அன்றாட ஒழுக்கத்தின் எல்லைக்கோடு கலயத்தின் உட்சுவரில் ஒரு சுண்ணாம்புப் பூச்சாக இருந்தது. அவர்கள் கையில் இருந்த தமிழ் விவிலியமோ ரொட்டியை அப்பம் என்றே அழைத்து, புளித்த மாவை ஓரிடத்தில் தீய குணத்துக்கும், இன்னோரிடத்தில் ஒரு பெண் மாவுக்குள் மறைத்துவைக்க மெல்ல மெல்ல அத்தனையையும் பொங்கச் செய்யும் பரலோக ராஜ்யத்துக்கும் உவமையாக வைத்திருந்தது. புளிப்பைப் பற்றிய இந்த இரண்டு மனங்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தன.

ஆற்றின் முகத்துவாரத்தை நெருங்க நெருங்கக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கரானதோடு போர்ச்சுகீசியர் தொடர்பு அங்கே ஊன்றியது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பலேறினார்கள். இந்தப் போக்குவரத்தின் மிச்சங்களாகத் தமிழில் சில சொற்கள் கிடக்கின்றன: பிஸ்கோத்து, இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் பாண், அதைச் சுடும் சூளைக்குப் போறணை. தூத்துக்குடிக்குக் கிடைத்த சொல் மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, பொடித்த அண்டிப்பருப்பைச் சேர்த்து, கூம்பாகச் சுருட்டி விட்டு, மிக மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கும் அந்தப் பண்டத்தில் ஐரோப்பியர் போட்டது பாதாம். பாதாமின் இடத்தில் முந்திரி அமர்ந்தது. அந்த முந்திரியே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து இக்கரைகளில் ஊன்றிய மரத்தின் கொட்டை. மக்ரூனையும் போர்ச்சுகீசியர் காலத்ததாகவே சொல்வது வழக்கம் என்றாலும், சொல்லின் வயதும் பண்டத்தின் வயதும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது பதிலீடு ஒன்றைத்தான். கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் செர்ரி என்று சிவப்பாக வைக்கப்படுவது பெரும்பாலும் சீனிப்பாகில் ஊறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். கருநிறம் தருவது கருக்கிய சீனி. பிளம் கேக்கில் பிளம் இல்லை. 1883இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி காட்டிய இங்கிலாந்துக் கேக்கைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் சுட்டார் என்பது இந்தியக் கிறிஸ்துமஸ் கேக்கின் தொடக்கக் கதையாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் உயிர் அந்தப் 'பதில்' என்ற சொல்லில் இருக்கிறது. இல்லாததற்கு ஈடாக இருப்பதை வைத்துச் சமாளித்த அந்தக் கைத்திறமையே இங்கே பழைய முறையாக இருந்தது. செய்குறிப்பு அதன் பின்னால் வந்தது. அப்படியானால் இன்று கிடைக்கும் உண்மையான பாதாமையும் இறக்குமதிச் செர்ரியையும் போட்டுச் சுடுகிறவர் முறையை மீறியவரா, அல்லது மூலத்துக்குத் திரும்பியவரா என்பதற்கு எந்த நடுவரிடமும் நேரான பதில் இருக்காது.

அளவைகளைப் பார்த்தாலும் இதே தடுமாற்றம். பவுண்டு கேக் எனப்படுவது மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்டு சேர்ப்பது. பவுண்டுக்குத் தமிழில் ராத்தல் என்று பெயர். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தைத் தொடர்ந்து கிராமும் கிலோவும் கடைகளுக்கு வந்தபோது தமிழ்நாட்டில் ராத்தல் மெல்ல மறைந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் ஒரு றாத்தல் பாண் என்றே கேட்டு வாங்குகிறார்கள், நிறை 450 கிராம். ஆனால் வீட்டில் கேக் சுட்ட பெண்களிடம் ராத்தலும் இருந்ததில்லை, கிராமும் இருந்ததில்லை. அவர்களுடையது முட்டைக் கணக்கு: ஆறு முட்டைக் கேக், பத்து முட்டைக் கேக். முட்டைகளைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, அதே எடைக்கு மற்றவற்றை நிறுத்துக்கொண்டால் எந்த ஊர் அளவையும் தேவையில்லை. கோழி சிறுத்தால் கேக்கும் சிறுக்கும், ஆனால் விகிதம் கெடாது. தராசும் இல்லாத வீடுகளில் உழக்கும் டம்ளரும் இருந்தன, அவற்றுக்கும் மேலே பதம் என்ற ஒன்று இருந்தது. தமிழ்ச் சமையலில் பதம் என்பது பொருள் தன் நிலை மாறும் நொடியைக் கையாலும் கண்ணாலும் அறிவது. பாகு கம்பியாக இழுபடுவதுபோல, சீனியும் வெண்ணெயும் அடித்த கலவை வெளிறிக் கரண்டியிலிருந்து தயங்கி விழுவதும் ஒரு பதம். இங்கிலாந்தில் 1915 முதல் வேரூன்றிய மகளிர் கழகங்களின் போட்டிகளில் விக்டோரியா ஸ்பான்ஜ் கேக்குக்கு எழுதிவைத்த விதிகள் உண்டு: நடுவில் ராஸ்ப்பெரி ஜாம் மட்டுமே வேண்டும், கிரீம் கூடாது, மேலே நயமான சீனித் தூவல் மட்டும், ஆறவைத்த கம்பித்தட்டின் தடம்கூட மேற்பரப்பில் பதிந்திருக்கலாகாது. இத்தனை கறாராகக் காக்கப்படும் அந்தப் பழைய கேக்கும்கூட 1843இல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கிய பின்னரே அந்த மென்மையை அடைந்தது என்பது, எல்லாப் பழமைக்கும் ஒரு தொடக்க நாள் இருப்பதை நினைவூட்டுகிறது. அந்த விதிகளைப் பழிக்கத் தோன்றவில்லை. ஒரு சமூகம் தன் பெண்களின் வேலையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததே என்ற மரியாதைதான் முதலில் எழுகிறது. ஆனால் தடத்தைக் குற்றமாகக் கொள்ளும் கண்ணோடு இங்குள்ள கேக்கைப் பார்க்க முடியுமா?

ஏனெனில் இங்குள்ள கேக் தடங்களால் ஆனது. மின்னடுப்பு வராத வீடுகளில் கனத்த சட்டியின் அடியில் ஆற்றுமணலைப் பரப்பி, அதைச் சூடேற்றி, மணலின் மேல் கேக் தட்டை இறக்கி மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிக் குவித்தார்கள். மணல் சூட்டைத் தாமதமாக வாங்கிக்கொண்டு தாமதமாகவே விடும். அதனால் அடி சட்டெனக் கருகாது. மேலிருந்து தணல், கீழிருந்து மணல் என்று இரண்டு வெவ்வேறு குணமுள்ள சூடுகளுக்கு நடுவே வெந்த கேக்கின் ஒரு பக்கம் சற்றே உயர்ந்திருக்கும். அடியில் ஒரு கரும்பழுப்பு வளையம் விழும். தணல் கூடிய இடத்தில் மேலோடு வெடித்திருக்கும். வீட்டார் அந்த வெடிப்பைப் பார்த்தே யார் சுட்டது என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு வழி, மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றித் தெருமுனை பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவது. விறகுச் சூளையில் நெருப்பை உள்ளேயே எரித்து, செங்கல் தரை போதிய சூடு ஏறியதும் கங்கை வெளியே இழுத்துவிட்டு, ஈரச்சாக்கால் சாம்பலைத் துடைத்து, தேக்கிய சூட்டில் சுடுகிறார்கள். அந்தச் சூடு திரும்ப ஏறாது, இறங்கிக்கொண்டே போகும். ரொட்டியும் பன்னும் முதற்சூட்டில், கேக் அது தணிந்த பிறகு, ரஸ்க்கும் மக்ரூனும் கடைசிச் சூட்டில் என்று சரிவில் இறங்குவதுபோல ஒரு வரிசை உண்டு. ஒரு பிடி மாவைத் தரையில் வீசி அது எத்தனை மூச்சுக்குள் சிவக்கிறது என்று எண்ணியே சூளைக்காரர் சூட்டைக் கணிப்பார். பண்டிகைக்கு முந்திய நாட்களில் பத்து வீட்டுத் தட்டுகள் அந்தத் தரையில் அருகருகே உட்கார்ந்திருக்கும். எந்த வீட்டுத் தட்டுக்கு எந்த இடம், எதை எப்போது திருப்பிவைப்பது என்பது முழுக்க அவர் கையில். அப்படி வெந்த கேக் யாருடையது? முட்டை அடித்தவள் ஒருத்தி, பழத்தை நறுக்கியது குழந்தைகள், விறகாக எரிந்தது சீமைக்கருவேல், சுட்டது வேறொருவர். போட்டியின் விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கோடுதான் விடப்பட்டிருக்கும்.

இத்தனையும் சொன்னபின் எதிர்த்திசையில் ஓர் ஐயம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை. போட்டிகள் இல்லாதிருந்தால் இந்தக் கேக்குகள் என்னவாகியிருக்கும்? 19ஆம் நூற்றாண்டில் இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலுக்கு மாதிரித் துண்டுகள் உண்டு. நூல் எஞ்சுகிறது, அதைப் பார்த்து அடுத்தவர் பின்ன முடியும். சுட்ட பண்டம் எஞ்சுவதில்லை. சுட்டவர் போனால் கூடவே பதமும் போய்விடும். மகள் கேட்டால் 'கண்ணளவு' என்பதே பதிலாக இருக்கும். அது மறைக்கும் எண்ணத்தில் வருவதும் இல்லை, அவர்களிடம் இருந்தது உண்மையில் கண்ணளவுதான். போட்டி என்று வந்தால் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் பல வீடுகளில் முதன்முறையாக ஒரு பேத்தி நோட்டும் பேனாவுமாகப் பாட்டியின் அருகே உட்காருகிறாள். கை அள்ளியதைத் தராசில் போட்டு எண்ணாக மாற்றுகிறாள். மாற்றும்போது சில இழப்புகள் நேரும், 'கை பொறுக்கும் சூடு' 180 டிகிரி ஆகிவிடும். ஆனாலும் எழுதப்பட்டது நிற்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஏறத்தாழ இத்தகையதே: ஒரு பொருள் இன்ன இடத்தில் இன்ன முறையில்தான் உண்டாகும் என்று சட்டத்தின் மொழியில் வரையறுப்பது அதன் வளைந்துகொடுக்கும் உரிமையில் கொஞ்சத்தைப் பறித்து, பதிலுக்கு அதற்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. கருப்பட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, கலயத்தின் மறுபாதியான கள்ளுக்கு வரவில்லை என்பது வேறு கதை. எழுத்துக்கும் பதத்துக்கும் நடுவில் எதை விடுவது என்பதில் இந்தக் கட்டுரைக்குத் தெளிவான சாய்வு ஒன்று உண்டு. எழுதிவைக்க வேண்டும், அளவுகளோடு சேர்த்து அந்த வீட்டின் சட்டியையும் மணலையும் சூளைக்காரரின் பெயரையும், எது கிடைக்காததால் எது போடப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை என்றால் பட்டியலைத்தான் நீட்ட வேண்டும்.

அப்போதும் அந்த வெட்டு இருக்கும். படைப்பதற்கு முன் பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதில்லை என்ற வழக்கம் தமிழ் வீடுகளில் சமயம் கடந்து நிற்பது. உப்புப் பார்க்காமலே பலகாரம் சுடத் தெரிந்த கைகள் அந்த வழக்கத்தில் பழகியவை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் கேக்கும் வைத்த தட்டுகள் துணி போர்த்தி அண்டை வீடுகளுக்குப் போகும்; பொங்கலுக்கும் ரம்ஸானுக்கும் அதே தட்டுகள் நிறைந்து திரும்பி வரும். ஏற்கெனவே ஒரு வாய் தின்னப்பட்ட கேக்கை அந்தத் தட்டில் வைக்க மனம் வராது. எச்சில் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் கை தயங்கும். பரிசு பெற்ற கேக் ஆனாலும் தயங்கும். மேலோடு முழுதாக இருக்கும்வரை கேக் தன் ஈரத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. வெட்டிய முகத்தில் ஈரம் வெளியேறி, வெந்து இளகிய மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்கி, இரண்டு நாளில் அந்த முகம் மட்டும் விரல்பட்டால் உதிரும். ஆகவே போட்டிக்குச் சுடுகிறவர்கள் மாவை இரண்டு தட்டுகளாக ஊற்றிக்கொள்கிறார்கள்: ஒன்று நடுவருக்கு, ஒன்று வெட்டாமல் வைத்திருந்து அனுப்புவதற்கு. மணற்சட்டியில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்குத்தான் இடம். முதல் தட்டுக்கு மணலின் சூடு இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது, ஆனால் மாவு புதிதாக இருக்கும். இரண்டாவதற்கு மணல் நன்றாகப் பழகியிருக்கும், ஆனால் காத்திருந்த நேரத்தில் மாவின் குமிழ்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கும். தணலை மூடியில் அள்ளிவைப்பதற்கு முன் எந்தத் தட்டை முதலில் இறக்குவது என்று சுடுகிறவர் முடிவுசெய்தாக வேண்டும்.